சொல்லாமல் விட்ட காய்ச்சல்

அத்தியாயம் 9

பஸ் படிக்கட்டில் கால் வைப்பதற்கு முன் சுவாதி குனிந்து அதைத் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கை தப்பிவிட்டது என்று முனகிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறே முக்காலுக்குப் பெங்களூரு பஸ்ஸில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமா?

"பேக ஹத்தி, பேக!" என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டிய கண்டக்டர், குழந்தையின் வெடித்துச் சிவந்த கைகளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "என்னம்மா, நெருப்பு பட்டுடுச்சா?"

"இல்லைங்க. கழுவிக் கழுவி இப்பிடி ஆயிடுச்சு" என்றாள் அவள் தாய் சுகுணா.

கண்டக்டருக்கு அது விளங்கவில்லை. சுகுணாவுக்கே இரண்டரை மாதமாக விளங்கவில்லை.

ஹரீஷ்குமார் முன்னாலேயே ஏறி, ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போட்டு வைத்திருந்தான். மகளைத் தூக்கி உட்காரவைத்தான். அவள் உட்கார்ந்த கையோடு தாயின் பக்கம் திரும்பி, உச்சி வகிட்டில் விரல் வைத்தாள். மூன்று முறை.

"அம்மா, நீ சாவ மாட்ட இல்ல?"

"மாட்டேன் கண்ணு."

"நெஜமா?"

"நெஜமா."

அத்திப்பள்ளி செக்போஸ்ட் வருவதற்குள் இதே கேள்வி பதினொரு முறை வந்தது. பதினொரு முறையும் சுகுணா ஒரே மாதிரி பதில் சொன்னாள். குரல் சற்று மாறினாலும் குழந்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

எட்டு வயதுப் பெண். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி வரை, தோசைக்குச் சண்டை போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டியில் வாங்கிய பரிசைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்த பெண். செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது வேறு குழந்தையாக எழுந்தாள். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்றாள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தாள். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல நிமிஷத்துக்கு ஒரு தரம் செருமினாள். முத்து முத்தான எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி ஆனது. ஒரே நாளில் அப்படி ஆகுமா என்று கேட்டார்கள். ஒரே நாளில்தான் ஆனது.

ஓசூரில் ஒரு டாக்டர், கவனம் ஈர்க்க நடிக்கிறாள் என்றார். பள்ளிக்கூடத்தில், சரியான பிறகு கூட்டிவாருங்கள் என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், எலுமிச்சை சுற்றினார்கள்.

"இது தாய் ஏக்கம். நீ பத்து நாள் விட்டுட்டுப் போன இல்ல? அதுல புள்ள மனசு ஒடைஞ்சுடுச்சு" என்று முதலில் சொன்னவன் ஹரீஷ்குமார்தான்.

ஆகஸ்டில் அந்தப் பத்து நாள், சுகுணா ஸ்ரீபெரும்புதூரில் பயிற்சியில் இருந்தாள். உத்தனப்பள்ளிப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷ உழைப்பு. லைன் லீடராக இருந்தவளை சூப்பர்வைசர் ஆக்குவதற்கான பயிற்சி. "நான் லீவு போட்டுப் பார்த்துக்கறேன், நீ தைரியமாப் போ" என்று அனுப்பிவைத்தவனும் அவன்தான்.

தாய் ஏக்கம் என்ற வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டது. மாமியார் வீட்டில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், மத்தூரிலிருந்து போன் பண்ணின அவளுடைய சொந்த அம்மாவே சொன்னாள். கடைசியில் சுகுணாவும் நம்பினாள். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்து இன்றோடு எட்டு நாள். சனிக்கிழமையோடு கணக்கு முடிகிறது.

இந்தப் பெங்களூரு டாக்டரிடம் வருவதற்குக்கூட ஹரீஷ் நாலு தரம் தட்டிக்கழித்தான். போன வாரம் ஒரு வழியாக வந்து, ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று முடிவு தெரியும்.

கிளினிக்கில் அவர்களை உள்ளே அழைத்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கன்னடக்காரர். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ்.

ரிப்போர்ட்டைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"குழந்தைக்கு இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொண்டை வலி வந்துதா? காய்ச்சல்?"

"இல்லைங்க டாக்டர்" என்றாள் சுகுணா உடனே. "போன வாரமே கேட்டீங்களே. ஜூலையில சளி புடிச்சுது. காய்ச்சல் எல்லாம் இல்ல."

"அப்பா? நீவு ஹேளி, நீங்க சொல்லுங்க."

ஹரீஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல டாக்டர்" என்றான்.

"சரி. நான் ஏன் கேக்கறேன்னு சொல்றேன். தொண்டையில ஒரு கிருமி வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு பேரு. ரொம்பச் சாதாரணம். உடம்பு அதோட சண்டை போடும். சில குழந்தைங்களுக்கு, ரொம்பச் சில பேருக்கு, அந்தச் சண்டை தப்பாப் போயிடுது. போலீஸ் திருடனைத் தேடி வந்து, அதே சட்டை போட்டுக்கிட்டு நிக்கற பக்கத்து வீட்டுக்காரனைப் புடிச்சு அடிக்கற மாதிரி. அடி விழறது மூளையில. பயம், கழுவறது, தொடறது, கண் சிமிட்டறது, எல்லாம் ஒரே நாள்ல வந்து நிக்கும். பாண்டாஸ்னு சொல்லுவாங்க."

சுகுணா நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்ப... ஏக்கம் இல்லைங்களா? நான் விட்டுட்டுப் போனதால இல்லைங்களா?"

டாக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "பத்து நாள் அம்மா ஊர்ல இல்லைன்னா குழந்தை அழும். கையெழுத்து இப்படி ஆகாது."

சுகுணாவின் கண்ணில் நீர் தளும்பியது. துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "ரத்தத்துல அந்தக் கிருமி வந்துபோன தடயம் அதிகமா இருக்கு. அது மட்டும் போதாது. நல்லா இருக்கற குழந்தைங்களுக்கும் அப்படி இருக்கும். இந்த வியாதியே இல்லைன்னு வாதாடற டாக்டருங்களும் உண்டு. அதனால எனக்கு வீட்டுல நடந்ததுதான் முக்கியம். எப்பக் காய்ச்சல், எத்தனை நாள், என்ன மருந்து. அது தெரிஞ்சா நான் தைரியமா வைத்தியம் ஆரம்பிப்பேன். நல்லா யோசிங்க."

ஹரீஷ் மறுபடி செல்போனைப் பார்த்தான். சுவாதி செருமினாள்.

டாக்டர் ஒரு சீட்டில் எதையோ எழுதி நீட்டினார். "அப்பா, கீழ பார்மஸில இந்த மருந்து ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டு வந்துடுங்க."

அவன் போன பிறகு அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"சுவாதி புட்டா, கண்ணு, உனக்குத் தொண்டை வலிச்சுதா?"

குழந்தையின் கண்கள் படபடவென்று அடித்தன. தாயின் வகிட்டைத் தொட்டாள். மூன்று முறை. மறுபடியும் மூன்று முறை.

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன் கண்ணு?" என்றாள் சுகுணா.

"சொன்னா நீ செத்துடுவ."

"யாரு அப்பிடிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சத்தியம் பண்ணேன். உன் தலை மேல."

"நான் எப்ப கண்ணு சத்தியம் கேட்டேன்?"

"நீ இல்ல. நீ ஊருக்குப் போயிட்ட. அப்பாதான் கல்யாண போட்டோவ எறக்கிக் குடுத்துச்சு. அதுல உன் தலை மேல கை வெக்கச் சொல்லுச்சு."

இரண்டரை மாதமாக அந்தச் சின்ன விரல் தன் உச்சந்தலையில் எதைத் தேடியது என்று சுகுணாவுக்கு இப்போது தெரிந்தது. வைத்த சத்தியத்தை எடுத்துவிடப் பார்த்திருக்கிறது.

டாக்டர் சுகுணாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். பேசாதே என்று அர்த்தம். பிறகு குழந்தையிடம் மெதுவாகச் சொன்னார். "வாயால சொல்ல வேணாம். அப்ப சத்தியம் ஒடையாதுல்ல? எங்க வலிச்சுதுன்னு கையால காட்டு."

சுவாதி நெடுநேரம் யோசித்தாள். பிறகு விரல் தொண்டைக்குப் போனது.

"காய்ச்சல்?"

தலையாட்டல்.

"எத்தனை நாள்?"

வெடித்துச் சிவந்த நான்கு விரல்கள் மேலே எழுந்தன.

"மருந்து குடுத்தாங்களா?"

தலையாட்டல். இரண்டு விரல்.

சுகுணா மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தச் சத்தியத்த அம்மாவே எடுத்துட்டேன். தெரியுதா? எடுத்துட்டேன்."

குழந்தை "ம்" என்றாள். என்றவள், அடுத்த மூச்சிலேயே கையை வகிட்டுக்குக் கொண்டுபோனாள்.

"பேச்சுல மட்டும் போகாதும்மா" என்றார் டாக்டர். "பயத்துக்கு ஒரு காரணம் கிடைச்சுது, அதைப் புடிச்சுக்கிச்சு. அது இல்லைன்னா வேற ஒண்ணைப் புடிச்சிருக்கும். மருந்து வேணும், பயிற்சி வேணும். மாசக்கணக்குல ஆகலாம். ஆனா தேறி வர்ற குழந்தைங்க நிறைய. நான் பார்த்திருக்கேன்."

"மருந்த முழுசாக் குடுத்திருந்தா இது வந்தே இருக்காதா டாக்டர்?"

"அப்படின்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. ஆனா காய்ச்சல் வந்ததுன்னு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தா, இந்தக் குழந்தை இரண்டரை மாசம் வேப்பிலை அடி வாங்கியிருக்காது."

கதவைத் தள்ளிக்கொண்டு ஹரீஷ் வந்தான். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "மருந்து இருக்குதாம் டாக்டர்."

"உக்காருங்க" என்றார் டாக்டர். "ஒரே ஒரு தடவை கேக்கறேன். காய்ச்சல் வந்துதா?"

சுகுணா அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். இப்போது சொன்னால்கூட ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். சொல்லிவிடு.

"இல்ல டாக்டர்" என்றான் ஹரீஷ்குமார். "அப்பிடி எதுவும் ஞாபகம் இல்லைங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் சுகுணா முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அவன் இரண்டு தடவை, "டீ வேணுமா? தலைவலிக்குதா?" என்று கேட்டான். பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய அன்பான குரல்தான். அதுதான் பயமாக இருந்தது. இந்தக் குரலில்தானே ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் போன் பண்ணினான். இந்தக் குரலில்தானே, "புள்ள நல்லா இருக்கா, விளையாடறா" என்றான்.

ஓசூரில் இறங்கியபோது மணி மூன்று. சுவாதி அவன் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

"இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அண்ணி கடைக்குப் போயிட்டு வரேன்."

ஹரீஷின் அக்கா தங்கமணி, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள்.

அவன் முகம் மாறியது. "எதுக்கு? மருந்துதான் அங்கயே வாங்கிட்டோமே."

"வேற மருந்து."

"சுகு, நான் வேணா போயி..."

"வேணாம்" என்றாள். ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

அவள் கடைப்படி ஏறும்போது, கவுண்டர் மேலிருந்த தங்கமணியின் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'தம்பி' என்று எரிந்தது.

"எடுத்துடாதீங்க அண்ணி" என்றாள் சுகுணா. "அவர் சொல்லிக்குடுக்கறதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுக்கறேன்."

தங்கமணி கெட்ட மனுஷி இல்லை. சுகுணாவின் பிரசவத்தில் பதினைந்து நாள் கூடவே கிடந்தவள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. அது ஒரு நொடியில் வெளுத்துவிட்டது.

"புள்ள சொல்லிட்டாளா?"

"சொல்லல. விரலைக் காட்டுனா."

தங்கமணி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"நீ போன அஞ்சாம் நாளு. வியாழக்கிழமை. நெருப்பாக் கொதிக்குது. தொண்டையெல்லாம் வெள்ளை வெள்ளையா... எச்சில் முழுங்க முடியல. டாக்டர்கிட்டக் காட்டலாம்டான்னேன். 'மருந்து நீயே குடுக்கா, உனக்குத் தெரியாததா'ன்னான். குடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாம அந்த மருந்தக் குடுக்கக் கூடாது. முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். ரெண்டு நாள்ல காய்ச்சல் கொறைஞ்சுது. நிறுத்திட்டேன்."

"அவரு எங்க இருந்தாரு?"

தங்கமணி கவுண்டரில் கிடந்த சீட்டுகளை அடுக்கினாள்.

"அண்ணி, லீவு போட்டிருந்தாரே. எங்க இருந்தாரு?"

"லீவு போட்டான். மைசூருக்குப் போயிட்டான். கம்பெனி கிரிக்கெட் டீமு. வெள்ளிக்கிழமை போனவன் திங்கக்கிழமை வந்தான்."

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. வேறொரு பெண் என்று நினைத்தாளா, குடி என்று நினைத்தாளா? கிரிக்கெட். மட்டையும் பந்தும்.

"சனிக்கிழமை சாயங்காலம் அவரு எடுக்கலன்னு நான் உங்களுக்குப் போன் பண்ணேன். சுவாதி எங்கன்னு கேட்டேன். தூங்கறான்னு சொன்னீங்க."

"ஆமா."

"தூங்குனாளா?"

தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உன் குரலக் கேட்டுட்டு, 'அம்மா'ன்னு எந்திரிச்சுட்டா. நான் கை வெச்சுப் பொத்திக்கிட்டுத்தான் பேசுனேன்."

"எதைப் பொத்திக்கிட்டு?"

தங்கமணி கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள்.

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஆள் வந்து இருமலுக்கு சிரப் கேட்டான். தங்கமணி எழுந்து எடுத்துக் கொடுத்து, காசு வாங்கி, மிச்சமும் கொடுத்தாள். அவன் போனதும் சுகுணா கவுண்டரை நெருங்கினாள்.

"எதுக்கு அண்ணி மறைச்சீங்க? காய்ச்சல்தானே? குழந்தைக்குக் காய்ச்சல் வர்றது அதிசயமா?"

"மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் நினைச்சோம். நீ பாதியில கிளம்பி வந்துடுவ, மைசூரு விஷயம் தெரிஞ்சா சண்டை ஆகும், அவ்வளவுதான். அப்பறம் புள்ளைக்கு இப்பிடி ஆனப்ப ரெண்டும் ஒண்ணுன்னு யாருக்குத் தெரியும்? சாமி மேல ஆணையா எனக்குத் தெரியாது சுகுணா."

"அவருக்கு?"

"அவன் போன்ல எதையோ படிச்சான். ஒரு நாள் வந்து, 'தொண்டைக் காய்ச்சலால கூட இப்பிடி வருமாம்க்கா'ன்னான். சொல்லிடுடா, டாக்டர்கிட்டயாவது சொல்லுடான்னேன். நீ வேலைய விடறேன்னு எழுதுன அன்னிக்குக்கூடச் சொன்னேன். பாவம்டா அவ, அவமேல பழியப் போட்டு வேலைய விட வெக்கறியேன்னு அழுதேன்."

"என்ன சொன்னாரு?"

"'எழுதட்டும் விடுக்கா. இனிமேவாவது வீட்டோட இருப்பா'ன்னான்."

கவுண்டர் கண்ணாடியில் சுகுணா கையை ஊன்றிக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே அந்தக் கடிதத்தை எழுதியபோது, பக்கத்தில் உட்கார்ந்து தேதியைச் சரிபார்த்தவன் அவன்.

"நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே அண்ணி இருந்தீங்க" என்றாள்.

தங்கமணி தலை குனிந்தாள்.

"ஒரு பேப்பர் எடுங்க. என்ன மருந்து, எத்தனை எம்.எல்., எத்தனை வேளை, எந்தத் தேதி. எல்லாம் எழுதி, கீழ உங்க பேரப் போடுங்க. டாக்டருக்கு வேணும்."

"என் வேலை..."

"என் வேலை போயிடுச்சு அண்ணி."

தங்கமணி எழுதினாள். ஒன்றையும் விடவில்லை.

கடையை விட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் நின்று, கம்பெனி ஹெச்.ஆரில் இருக்கும் லாவண்யாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் மூன்று வருஷம் போய்வந்தவர்கள்.

"லாவண்யா, நான் குடுத்த லெட்டர வாபஸ் வாங்க முடியுமா?"

எதிர்முனையில் தயக்கம். "சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குதுக்கா. ஆனா... தப்பா நினைச்சுக்காதீங்க. இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்குது?"

"எனக்கென்ன?"

"இல்லக்கா, உடம்பு... மனசு..."

"எனக்கு என்ன லாவண்யா?"

லாவண்யா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க லெட்டர் குடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க வீட்டுக்காரர் வந்து எங்க மேனேஜர் ஆஞ்சப்பன் சாரைப் பார்த்தாருக்கா. நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். உங்களுக்கு மனசு சரியில்ல, தூங்கறதே இல்ல, கையைக் கழுவிக்கிட்டே இருக்காங்க, ஒரே கேள்விய நூறு தடவை கேக்கறாங்க, மெஷின் பக்கத்துல விடறது ஆபத்துன்னு சொன்னாரு. லெட்டர் குடுப்பாங்க, ஒண்ணும் கேக்காம வாங்கிக்குங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. சார் உங்க சூப்பர்வைசர் பேப்பரை அன்னிக்கே கிழிச்சுட்டாரு."

ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் சுகுணாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகளின் நோயை எடுத்துத் தாய்க்குப் போர்த்திவிட்டிருக்கிறான். அளவு பார்த்துத் தைத்த மாதிரி.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நாளைக்குக் காலையில ஆஞ்சப்பன் சார் இருப்பாரா?"

"ஒன்பதரைக்கு வருவாரு. ஆனா அவரு நம்புவாரான்னு தெரியலக்கா. உங்க வீட்டுக்காரரே சொன்னப்பறம்..."

"வரேன்னு மட்டும் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

சிப்காட் பின்புறம், வரிசை வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. அவள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சுவாதி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹரீஷ் சமையல்கட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தான். கடைசியாக எப்போது அடுப்புப் பக்கம் வந்தான் என்று அவளுக்கு நினைவில்லை.

தங்கமணி எழுதின காகிதத்தை மேடை மேல் வைத்தாள். அவன் படித்தான். அடுப்பை அணைத்தான்.

"சுகு..."

"டாக்டருக்குப் போன் போடுங்க."

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு."

"மொதல்ல டாக்டர் கேக்கட்டும். நான் அப்பறம்."

அவள் தன் போனிலேயே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள். டாக்டர் எடுத்தார். ஹரீஷ்குமார் சொன்னான். வியாழக்கிழமை காய்ச்சல், தொண்டையில் வெள்ளை, இரண்டு நாள் மருந்து, மூன்றாம் நாள் நிறுத்தினது. ஒவ்வொன்றாகச் சொன்னான். நடுவில் குரல் உடைந்தது. சுகுணா போனை நகர்த்தவில்லை.

"இதைக் காலையில சொல்றதுக்கு உங்களுக்கு ரெண்டு சான்ஸ் குடுத்தேன்" என்றார் டாக்டர். "பரவாயில்ல. இப்பவாவது சொன்னீங்களே. இன்னிக்கு எழுதிக்குடுத்த மருந்தை வேளை தப்பாம குடுங்க. ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. யாரைத் திட்டறதா இருந்தாலும் குழந்தை முன்னாடி வேணாம்."

போன் அணைந்தது.

"பயந்துட்டேன் சுகு" என்றான். தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு பொய்ய மறைக்க இன்னொண்ணு. நாளாக ஆக வாய் வரல."

"சொல்ல வாய் வரல. கம்பெனிக்குப் போய் என்னைப் பைத்தியம்னு சொல்ல வாய் வந்துதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அது அவளுக்குத் தெரியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"புள்ளைக்கு இப்பிடின்னு ஊருக்குத் தெரிஞ்சா அவ பேரு கெட்டுடும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டது... அதான்... உன்னைச் சொன்னேன்."

"என் பேரு கெட்டா பரவால்ல."

"நீ சூப்பர்வைசர் ஆனா நைட் ஷிப்ட் போடுவாங்க. வீடு என்ன ஆகறது? எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க. பொண்டாட்டிய மேல ஏத்திவிட்டுட்டு நீ துணி துவைக்கறியான்னு..."

"போதும்" என்றாள். சத்தம் போடவில்லை. "சட்டை ரெண்டு எடுத்துக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க."

அவன் கெஞ்சவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அலமாரியைத் திறந்து, ஷிப்டுக்குக் கொண்டுபோகும் பையில் துணியைத் திணித்தான். ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் சுவாதி எழுந்தாள் போலிருக்கிறது.

உள்ளறை வாசலில் நின்றாள். கண் சிமிட்டல். பையைப் பார்த்தாள். அப்பாவின் காலில் செருப்பைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எட்டு வயதுக் குழந்தைக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்பா, எங்க போற?"

"அத்தை வீட்டுக்குக் கண்ணு."

"நான் காட்டிக்குடுத்துட்டேன்னா?"

ஹரீஷ் அவளை நோக்கி ஓரடி வைத்தான்.

"நான் வாயால சொல்லல அப்பா. விரல்தான் காட்டினேன். நீ போவாத. நான் திரும்பச் சொல்லிடறேன். தொண்டை வலிக்கலன்னு சொல்லிடறேன். டாக்டர்கிட்டப் போய் நான் பொய் சொன்னேன்னு சொல்லிடறேன்..."

பேச்சு செருமலாகி, செருமல் அழுகையாகி, மூச்சு இழுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். வெடிப்புகளிலிருந்து ரத்தம் கசிந்தது.

சுகுணா ஓடிப்போய் அந்தக் கைகளை விலக்கினாள். எவ்வளவு பலம் அந்தச் சின்னக் கைகளில்! ஹரீஷும் ஓடிவந்து மண்டியிட்டான். இரண்டு பேர் சேர்ந்துதான் விலக்க முடிந்தது.

இந்த நிமிஷத்தில் அவன் வாசல் தாண்டினால், குழந்தை இதை ஆயுசுக்கும் தூக்கிச் சுமப்பாள். உண்மையைச் சொன்னதால் அப்பா போனார் என்று. இரண்டரை மாதம் பொய்ப்பழி சுமந்த சுகுணாவுக்கு அந்தப் பாரம் தெரியும். அதை இறக்கி மகளின் தலையில் வைக்க அவளால் முடியுமா?

நெஞ்சு கொதித்தது. இவனைக் காப்பாற்றவும் நான்தான் வேண்டுமா என்று கொதித்தது.

"பையக் கீழ வைங்க" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான்.

"கீழ வைங்க. செருப்பக் கழட்டுங்க." குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்பா எங்கயும் போகல கண்ணு. நீ சொன்னது ரொம்பச் சரி. நீ சொன்னதாலதான் டாக்டருக்கு மருந்து தெரிஞ்சுது. அப்பாவும் இப்ப டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டாரு. கேட்டுப் பாரு."

"ஆமா சுவாதி" என்றான் ஹரீஷ்குமார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "தப்பு என்னுது. நீ ஒண்ணும் பண்ணல."

மருந்து கொடுத்து, அவள் அடங்கி, மடியிலேயே கண்ணயர்வதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பை கதவோரத்தில் அப்படியே கிடந்தது.

"நாளைக்குக் கம்பெனிக்கு நானும் வரேன் சுகு" என்றான் அவன் மெதுவாக. "ஆஞ்சப்பன் சார்கிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு நானே சொல்றேன்."

சுகுணா மகளின் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"புள்ள தூங்கினதும் பாயை எடுத்துக்கிட்டு முன் ரூமுக்குப் போயிடுங்க" என்றாள். "அவளுக்கு அப்பா போகல. எனக்குப் புருஷன் போயாச்சு. நாளைக்கு என்னைப் பத்தி நான் பேசிக்கறேன்."